எருமைக்கும் தண்ணி புடிக்கலாமா சார்? – பாலாத்தங்கரை கம்பெனி மேனேஜர்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர்னு இப்ப மூணா பிரிஞ்சு கிடக்கிற நம்ம பழைய வேலூர் மாவட்டத்துல தோல் பதப்படுத்தற டேனரி, ஷூ கம்பெனி, கெமிக்கல் கம்பெனின்னு எல்லா இடத்துலயும் மேனேஜரா இருக்கிற சார்களுக்கும் மேடம்களுக்கும் வணக்கம்.

நான் ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவுல பாலாத்தங்கரையில ஒரு ஊர்க்காரன். கெமிஸ்ட்ரி படிச்சுட்டு ஒரு தோல் கம்பெனியில ஈ.டி.பி.யில, அதாவது கழிவுத் தண்ணிய சுத்தம் பண்ற பிளான்ட்ல, கெமிஸ்ட்டா ஒன்பது வருஷம் வேலை பாத்தேன், இப்ப வேலூர்ல தண்ணி டெஸ்ட் பண்ற ஒரு லேப்ல இருக்கேன். அந்த கம்பெனி பேர சொல்ல மாட்டேன், சொன்னா "ஓ அவங்களா"ன்னு சொல்லிட்டு மத்தவங்க எல்லாம் நிம்மதியா போயிடுவாங்க. முதலாளிங்களுக்கு நிறைய பேர் எழுதிட்டாங்க, கலெக்டர் ஆபீஸ்ல மனு குவிஞ்சு கிடக்கு, மேனேஜருங்களுக்கு மட்டும் யாரும் எழுதி நான் பாத்தது இல்ல, அதனாலதான் உங்களுக்கு எழுதறேன்.

போன மாசம் எங்க ஊர் கவர்மென்ட் ஸ்கூல்ல ஒரு கம்பெனி சி.எஸ்.ஆர்.னு சொல்ற சமூகப் பொறுப்பு பணத்துல ஆர்.ஓ. பிளான்ட் வெச்சுக் குடுத்தாங்க. சாமியானா போட்டு, மைக் செட் கட்டி, பசங்கள வரிசையா நிக்க வெச்சு, மேனேஜர் சார் வந்து ரிப்பன் வெட்டினார், கருப்பு கிரானைட்ல கம்பெனி பேரு செதுக்கின கல்வெட்ட திறந்தார், எல்லாருக்கும் லட்டு குடுத்தாங்க. எங்க ஆயாவும் குடத்த எடுத்துகினு வந்திருந்துச்சு. முதல் குடம் ரொம்பினதும் மேனேஜர் சார பாத்து கேட்டுச்சு, "நைனா, எருமைக்கும் புடிச்சிக்கலாமா?" அவரு பொறுமையாத்தான் சொன்னார், "இல்ல பாட்டி, இது கொழந்தைங்க குடிக்கறதுக்கு, மிச்சம் இருந்தா ஊருக்கு." பின்னாடி ரெண்டு மூணு பேர் சிரிச்சாங்க. ஆயா சிரிக்கல. எங்க கெணத்து தண்ணிய தொட்டியில ஊத்தினா எருமை மூக்க விட்டு பாத்துட்டு தலைய திருப்பிக்கும், தவிடு கரைச்சு குடுத்தாத்தான் வாய வெக்கும், அதுவும் பாதிதான் குடிக்கும். ஆயா தெனமும் அது கூட மல்லுக்கட்டினு இருக்கு, அதனால அது கேட்டது நெஜமான கேள்வி. ஒரு மாசமா என் மண்டையில அதுதான் ஓடினு இருக்கு.

ஆயா கல்யாணம் ஆகி வந்தப்ப அந்த கெணத்த நம்பி தென்னந்தோப்பு இருந்துச்சு, நெல்லு ரெண்டு போகம் போட்டாங்க. அப்பவும் டேனரி இருந்துச்சு, வெள்ளைக்காரன் காலத்துலேர்ந்தே நம்ம பக்கம் இருக்கு, ஆனா ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு பதப்படுத்தினாங்க, நாத்தம் வரும், தண்ணி இந்த அளவுக்கு கெடல. 1970கள்ல பாதி பதப்படுத்தின தோல அப்படியே ஏத்துமதி பண்றத கவர்மென்ட் குறைச்சு, முடிச்ச தோலா, ஷூவா அனுப்புங்கன்னு தள்ளினதும் குரோமியம் உப்பு போட்டு பதப்படுத்தற டிரம்முங்க வந்துச்சு, கூடவே ஊருக்கு வேலையும் வந்துச்சு, அத நான் மறைக்க மாட்டேன், எங்க வீட்டுல ரெண்டு தலைமுறை சாப்பிட்டது அந்த சம்பளத்துலதான். பச்சைத் தோல் அழுகாம இருக்க போடற உப்பு மொதல் அலசல்லயே தண்ணியில இறங்கிடும், அந்த சோக் தண்ணிய தனியா புடிச்சு, பேன்னு சொல்ற கரை கட்டின தொட்டியில வெயில்ல காய வெக்கணும், இல்லன்னா அது மண்ணுல இறங்கி கெணத்துக்கு வரும். எங்க கெணத்துல டி.டி.எஸ். மீட்டர, அதாவது தண்ணியில கரைஞ்ச உப்ப அளக்கற மீட்டர விட்டா லிட்டருக்கு 2,000 மில்லிகிராம தாண்டி நிக்குது. குடிக்கிற தண்ணிக்கு 500 போதும், வேற வழியே இல்லன்னா 2,000 வரைக்கும்னு இந்திய தர அளவு சொல்லுது.

ஆர்.ஓ. மெஷின் உப்ப அழிக்கறது கிடையாது சார், நல்ல தண்ணிய ஒரு பக்கமும் உப்புத் தண்ணிய இன்னொரு பக்கமும் பிரிக்குது, அவ்ளோதான். அந்த ரிஜெக்ட் பைப்பு எங்க போவுதுன்னு ஃபங்ஷன் முடிஞ்சதும் ஸ்கூலுக்கு பின்னாடி போயி பாத்தேன், பசங்க கை கழுவற எடத்துக்கு பக்கத்துல ஒரு கால்வாய்ல விட்டிருக்காங்க, அது நேரா நிலத்துலதான் எறங்குது, அதாவது எங்க மண்ணுலேர்ந்து எடுத்த உப்ப இன்னும் கெட்டியாக்கி எங்க மண்ணுக்கே திருப்பிக் குடுக்கறாங்க. இத டிசைன் பண்ணினவங்க யாரும் கெட்ட எண்ணத்துல பண்ணல, கேக்க ஆள் இல்ல, அதான் விஷயம்.

சி.எஸ்.ஆர். வேணாம்னு சொல்ல நான் வரல. 2013 கம்பெனி சட்டத்துல 135வது பிரிவு, 2014 ஏப்ரல் 1லேர்ந்து அமல்ல இருக்கு, நெட் வொர்த் 500 கோடி, இல்ல டர்ன்ஓவர் 1,000 கோடி, இல்ல லாபம் 5 கோடி, இதுல ஒண்ண எட்டின கம்பெனி முந்தின மூணு வருஷ சராசரி லாபத்துல 2 சதவீதம் செலவு பண்ணணும், கம்பெனி இருக்கிற ஏரியாவுக்கு முன்னுரிமை குடுக்கணும், இதெல்லாம் என்ன விட உங்களுக்கு நல்லா தெரியும். அதே ரூல்ஸ்ல இன்னொண்ணு இருக்கு, அத மேடையில யாரும் படிக்கறது இல்ல. வேற சட்டப்படி செஞ்சே ஆக வேண்டிய வேலைய சி.எஸ்.ஆர். கணக்குல காட்டக் கூடாது. கழிவுத் தண்ணிய சுத்தம் பண்றது அந்த லிஸ்ட்ல வரவே வராது, ஏன்னா அது கம்பெனி ஊருக்கு பட்டிருக்கிற கடன். கடன் வாங்கினவன் வட்டியும் கட்டாம அசலும் திருப்பாம கோயில் உண்டியல்ல நோட்ட போட்டா கடன் குடுத்தவன் வயிறு எரியுமா எரியாதா? இன்னொண்ணு, நம்ம பக்கம் இருக்கிற சின்ன டேனரிங்க நிறைய இந்த 5 கோடி கோட்டுக்கு கீழதான் வரும், அவங்களுக்கு 2 சதவீதம் கிடையாது, ஆனா அங்கயும் ஒரு மேனேஜர் இருக்கார், அவருக்கும் ஒரு மனசாட்சி இருக்கு, அதுக்கு டர்ன்ஓவர் லிமிட் எதுவும் எந்த சட்டத்துலயும் போடல.

இப்ப என் கதைய சொல்லணும், சொல்லாம உங்கள கேக்க எனக்கு உரிமை இல்ல.

2015 நவம்பர் மழை உங்களுக்கு ஞாபகம் இருக்கும், பாலாத்துல பல வருஷம் கழிச்சு தண்ணி கரை புரண்டு ஓடிச்சு. நான் நைட் ஷிஃப்ட். சோக் தண்ணி பேன் எல்லாம் மழைத் தண்ணியும் சேந்து ரொம்பி வழியற நெலமை, கரை ஒரு மூலையில சரிய ஆரம்பிச்சிருச்சு, கரைக்கு கீழ ஷெட்டுல வெளி மாநிலத்து பசங்க எட்டு பேர் தூங்கினு இருந்தாங்க. மேனேஜருக்கு போன் பண்ணேன். அவரு பதறிட்டார், அதுக்கு காரணம் இருக்கு, அதே வருஷம் ஜனவரி 31 விடியறதுக்கு முன்னாடி ராணிப்பேட்டை சிப்காட்ல ஸ்லட்ஜ் தேக்கி வெச்சிருந்த தொட்டி சுவர் இடிஞ்சு பக்கத்துல தூங்கினு இருந்த 10 பேர் அந்த சேத்துலயே செத்துப் போனாங்க, அதுல முக்காவாசி பேர் மேற்கு வங்காளத்து பசங்க. "பசங்கள மொதல்ல எழுப்பி மேட்டுக்கு அனுப்பு, அப்புறம் ஆத்துப் பக்கம் ஷட்டர தூக்கி விட்டுடு, ஆத்துல தண்ணி போவுது இல்ல, கலந்துடும்"னார். பசங்கள அனுப்பினோம். ஷட்டர தூக்கினோம். டார்ச் அடிச்சு பாத்தா வெள்ளையா நுரை கட்டிகினு போச்சு. காலையில ஆறு மணிக்கு லாக் புக்ல பேன் லெவலுக்கு எதிரே "நார்மல்"னு எழுதி கையெழுத்து போட்டேன். கீழ்ப் பக்கம் ஊருக்கு ஒரு போன் கூட போடல. அந்த கீழ்ப் பக்கம் ஊரு எங்க ஊருதான் சார்.

ஏழரை மணிக்கு மேனேஜர் வந்தார், நைட் ஷிஃப்ட்ல இருந்த எல்லாருக்கும் இட்லி பார்சல் வாங்கிட்டு வந்தார், என் பையனுக்கு ஜுரம்னு முந்தின நாள் சொல்லியிருந்தேன், மறக்காம விசாரிச்சார். அவரு ஒரு நல்ல மனுஷன், இத நான் மரியாதைக்கு சொல்லல, என் தங்கச்சி காலேஜ் பீஸுக்கு கை மாத்து குடுத்தவர், ஆறு மாசம் கேக்கவே இல்ல.

அந்த ராத்திரி அவரு சொன்னத பத்தி ரொம்ப நாள் யோசிச்சேன். எட்டு உயிர் ஒரு பக்கம் இருக்கும்போது அவரு வேற என்ன சொல்லியிருக்க முடியும்? ஷட்டர தூக்கினது தப்புன்னு என்னால இப்பவும் அடிச்சு சொல்ல முடியல, மறைச்சது தப்பு, அது தெளிவா தெரியுது. ஆனா உண்மையான தப்பு அந்த ராத்திரி நடந்தது கிடையாது, அது அந்த வருஷம் மே மாசமே நடந்து முடிஞ்சிருச்சு. மே மாசம் பட்ஜெட் மீட்டிங்ல கரைய ரெண்டு அடி ஒசத்தணும், பக்கத்துல ஒரு எமர்ஜென்சி டேங்க் கட்டணும்னு நாங்க ரெண்டு பேரும் உக்காந்து இண்டென்ட், அதாவது செலவுக்கு அனுமதி கேக்கற பேப்பர் போட்டு கொட்டேஷன் வாங்கி வெச்சிருந்தோம். மேல இருந்தவங்க "இந்த வருஷம் வேணாம், அடுத்த வருஷம் பாப்போம்"னாங்க. அவரு "சரி சார்"னார். ஒரே ஒரு செகண்ட் கூட ஆகல. நான் பின்னாடி நாற்காலியில ஃபைல மடியில வெச்சுகினு இருந்தேன், நானும் ஃபைல மூடிட்டேன். அடுத்து பேசினது எந்த ஸ்கூலுக்கு காம்பவுண்டு சுவர் பெயின்ட் அடிக்கலாம்னு, அதுக்கு அரை மணி நேரம் பேசினோம், கலர் வரைக்கும்.

நான் சொல்ல வந்தது இதுதான் சார். உங்க பொறுப்பு இருக்கிற இடம் அந்த "சரி சார்"தான். மழை ராத்திரியில எல்லாரும் மனுஷனாத்தான் நடந்துக்கறாங்க, ரிப்பன் வெட்டற மேடையிலயும் நல்லாத்தான் பேசறாங்க. ஏ.சி. ரூம்ல, எந்த ஆபத்தும் கண்ணுக்கு தெரியாத ஒரு மே மாச மத்தியானம், டீ ஆறினு இருக்கும்போது ஒரு இண்டென்ட் தள்ளிப் போவுது பாருங்க, அங்கதான் ஊரு கெணறும் எட்டு பேர் உயிரும் அடமானத்துக்கு போவுது. 2 சதவீத பணம் கம்பெனி பணம், பங்கு போட்டவங்க பணம், அத வெச்சு உங்க "சரி சார்"ர திருப்பி வாங்க முடியாது.

அமெரிக்காவுல 1986ல சேலஞ்சர் விண்வெளி ஓடம் வெடிச்சு ஏழு பேர் செத்தது கேள்விப்பட்டிருப்பீங்க. முந்தின நாள் ராத்திரி ஃபோன் மீட்டிங்ல, குளிர்ல ரப்பர் ரிங் வேலை செய்யாது, நாளைக்கு விடாதீங்கன்னு அதோட ராக்கெட்ட செஞ்ச கம்பெனி இன்ஜினியருங்க அடிச்சு சொன்னாங்க. அவங்க இன்ஜினியரிங் வைஸ் பிரசிடென்ட்டும் மொதல்ல அவங்க பக்கம்தான். அப்ப பெரிய மேனேஜர் ஒருத்தர் அவர பாத்து, "இன்ஜினியர் தொப்பிய கழட்டிட்டு மேனேஜ்மென்ட் தொப்பிய போட்டுக்கோ"ன்னு சொன்னார். அவரும் போட்டுக்கிட்டார். எங்க மேனேஜரும் லெதர் டெக்னாலஜி படிச்சவர், உப்புத் தண்ணி கரை ஒடைஞ்சா என்ன ஆகும்னு என்ன விட அவருக்கு நல்லா தெரியும், அந்த மீட்டிங்ல அவரும் ஒரு தொப்பிய கழட்டி வெச்சார். உங்கள்ல நிறைய பேர் கெமிஸ்ட்டா, சூப்பர்வைசரா, இன்ஜினியரா இருந்து மேல வந்தவங்க, உங்களுக்கும் அந்த ரெண்டு தொப்பி இருக்கு.

"நாங்க சம்பளக்காரங்க, முதலாளி சொன்னத செய்யறோம்"னு சொல்வீங்க. மில்டன் ப்ரீட்மேன்னு பொருளாதார அறிஞர் 1970லயே அத தத்துவமாவே எழுதினார், மேனேஜர் பங்குதாரரோட ஏஜென்ட், லாபம் பண்றதுதான் அவர் பொறுப்புன்னு. சி.எஸ்.ஆர். வேணாம்னு சொல்றவங்க எல்லாம் அவர எடுத்து காட்டுவாங்க. ஆனா அவரே ஒரு வரம்பு வெச்சிருக்கார், சமூகத்தோட அடிப்படை விதிக்கு உட்பட்டு, சட்டத்துல இருக்கிறதுக்கும் நெறிமுறையா வழக்கத்துல இருக்கிறதுக்கும் உட்பட்டுன்னு. கெணத்துல விஷம் கலக்காதேன்னு நம்ம ஊரு வழக்கத்துல இல்லாத நெறியா? நம்ம சட்டமும் உங்கள வெறும் சம்பளக்காரரா பாக்கல. 2025 நவம்பர் வரைக்கும் அமல்ல இருந்த 1948 பேக்டரி சட்டத்துல ஆக்குபையர்னு, அதாவது பேக்டரிக்கு முழுப் பொறுப்பாளின்னு ஒருத்தர் பேரும் மேனேஜர்னு ஒருத்தர் பேரும் எழுதிக் குடுக்கணும்னு இருந்துச்சு, ஏன் உங்க பேர தனியா கேட்டாங்கன்னு யோசிச்சிருக்கீங்களா? 1974 தண்ணி சட்டம் 47வது பிரிவு, கம்பெனி தப்பு பண்ணினா அந்த தப்பு டைரக்டர், மேனேஜர், செக்ரட்டரி சம்மதத்துலயோ கண்டும் காணாம இருந்ததாலயோ அலட்சியத்தாலயோ நடந்திருந்தா அவங்களும் குத்தவாளிதான்னு சொல்லுது. கண்டும் காணாம இருக்கறது, இது எழுதினவங்களுக்கு எங்க மீட்டிங் ரூம் தெரிஞ்சிருக்கு.

பங்களாதேஷ்ல 2013 ஏப்ரல்ல ராணா பிளாசா கட்டடத்துல விரிசல் விட்டதும் கீழ் மாடி பேங்க் தன்னோட ஆளுங்கள வீட்டுக்கு அனுப்பிச்சு. மேல் மாடி கார்மென்ட்ஸ் கம்பெனிங்க மறுநாள் தொழிலாளிங்கள உள்ள வர சொன்னாங்க, வரலன்னா சம்பளம் கட்டுன்னு மிரட்டினாங்க. 24ஆம் தேதி இடிஞ்சு 1,100க்கு மேல செத்தாங்க. ஒரே கட்டடம், ஒரே விரிசல்.

நம்ம கேஸுக்கே வரேன். வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991ல சுப்ரீம் கோர்ட்டுக்கு போயி 1996 ஆகஸ்ட் 28ல தீர்ப்பு வாங்கினாங்களே, நாட்டுல எந்த லா காலேஜுக்கு போனாலும் "வேலூர் கேஸ்"னு பசங்க படிக்கறாங்க, மாசு பண்றவன்தான் காசு குடுக்கணும், சந்தேகம் இருந்தாலே முன்கூட்டி தடுக்கணும்னு நம்ம நாட்டு சட்டத்துல அழுத்தமா எழுதினது நம்ம பாலாத்து தண்ணிக்காகத்தான். டேனரி பெல்ட்ல 35,000 ஹெக்டேர் நிலம் விவசாயத்துக்கு பாதியாவோ முழுசாவோ கெட்டுப் போச்சுன்னு அந்த தீர்ப்புலயே இருக்கு. ஆனா 2025 ஜனவரி 30ல அதே சுப்ரீம் கோர்ட், பாதிக்கப்பட்டவங்களுக்கு இன்னும் நஷ்டஈடு போய் சேரல, குடுங்க, பாலாத்த பாக்க ஒரு கமிட்டி போடுங்கன்னு திரும்பவும் உத்தரவு போட வேண்டியிருந்துச்சு. நடுவுல 28 வருஷம். இந்த 28 வருஷத்துல எத்தன மே மாசம், எத்தன பட்ஜெட் மீட்டிங், எத்தன "அடுத்த வருஷம் பாப்போம்"!

ஷூ கம்பெனி மேனேஜருங்களுக்கும் ஒண்ணு. எங்க அம்மா திண்ணையில உக்காந்து ஷூ அப்பர் தைக்கும், ஏஜென்ட் மூட்டையில கொண்டாந்து போடுவார், ஜோடி கணக்குல காசு. தோல்ல ஊசி ஏத்தி ஏத்தி ஆள்காட்டி வெரல்ல ஒரு காய்ப்பு, அதுல சைக்கிள் டியூப்ப வெட்டி சுத்திக்கும். வெளிநாட்டு பையர் ஆடிட் வரும்போது பேக்டரி கேட்டோட நின்னுடறாங்க, திண்ணைக்கு வர்றது இல்ல, அந்த ஜோடி ரேட் என்னன்னு எந்த சி.எஸ்.ஆர். ரிப்போர்ட்லயும் இல்ல. ரேட்ட முடிவு பண்றதுல உங்க கையெழுத்தும் இருக்குது இல்ல? தையல் மெஷின் இலவசமா குடுக்கறத விட ஜோடிக்கு ரெண்டு ரூபா ஏத்தினா அம்மா மாதிரி பொம்பளைங்க உங்கள வாழ்த்துவாங்க.

உங்க கஷ்டம் எனக்கு தெரியாதுன்னு நினைக்காதீங்க. ஆர்டர் கேன்சல் ஆனா மொத அடி உங்களுக்கு, வீட்டு லோன் ஓடினு இருக்கும், எதிர்த்து பேசினா அந்த சீட்டுக்கு பத்து பேர் நிப்பாங்க. வேலைய விட்டுட்டு வாங்கன்னு சொல்ல மாட்டேன், நானே அந்த ராத்திரிக்கு அப்புறம் மூணு வருஷம் அங்கதான் இருந்தேன். நான் கேக்கறது சின்ன விஷயம்தான். இண்டென்ட் தள்ளிப் போனா "இத தள்ளிப் போட்டா இன்ன ஆபத்து"ன்னு ரெண்டு வரி எழுதி, தேதி போட்டு, கையெழுத்து போட்டு ஃபைல்ல வெச்சிடுங்க, வாயில சொல்றத விட பேப்பருக்கு மேல இருக்கறவங்க பயப்படறாங்க, இது நான் கண்ணால பாத்தது. உங்க பேக்டரிய சுத்தி இருக்கிற போர் தண்ணி ரீடிங்க மாசா மாசம் கேட்ல தமிழ்ல எழுதி ஒட்டுங்க. ஷட்டர தூக்கற நெலமை வந்தா கீழ்ப் பக்கம் ஊருக்கு மொதல்ல ஒரு போன் போடுங்க, லாக் புக்ல "தூக்கினோம்"னே எழுத சொல்லுங்க, அந்த கெமிஸ்ட் பையன் கையெழுத்த காப்பாத்துங்க. சி.எஸ்.ஆர்.ல என்ன பண்ணலாம்னு ரூம்ல உக்காந்து முடிவு பண்ணாம ஊர்ல வந்து கேளுங்க.

கேக்கறதுக்கு இடமும் இருக்கு. மார்ச் 22 தண்ணி தினத்துக்கு எல்லா ஊர்லயும் கிராம சபை நடக்கும். எங்க ஊர்ல ஸ்கூலுக்கு எதிர்ல வேப்பமரத்தடியிலதான் நடக்கும், நான் மீட்டர எடுத்துட்டு வரேன், 2015 நவம்பர்ல நான் எழுதின பொய்ய அந்த சபையிலயே சொல்லப் போறேன், ஆயாகிட்ட மட்டும் முன்னாடியே சொல்லிட்டேன், அது ரொம்ப நேரம் பேசவே இல்ல, அப்புறம் "போயி எருமைய கட்டு"ன்னு சொல்லிட்டு உள்ள போயிடுச்சு. ரிப்பன் வெட்டின சாரும் வரணும்னு கேட்டுக்கறேன், மத்தவங்களும் வாங்க, மேடை, மாலை எதுவும் இருக்காது, தரையிலதான் உக்காரணும். ஆயா கண்டிப்பா வரும். அது கேட்டதுக்கு பதில் அதுக்கு இன்னும் கெடைக்கல.

இப்படிக்கு,
ஒரு பழைய ஈ.டி.பி. கெமிஸ்ட்,
பாலாத்தங்கரை, ஆம்பூர் பக்கம்.